மிச்சம் எங்கே போகும்?

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தேர்வில் ஒரு மதிப்பெண்ணைக் கோட்டை விட்டுவிட்டு வந்து நின்றாள். ‘அன்றாட வாழ்வில் பயன்படும் காரம் ஒன்றைக் குறிப்பிடுக’ என்பது கேள்வி. அவள் எழுதியிருந்த விடை: மிளகாய்.

“ஏன் சித்தப்பா, மிளகாய் காரம் இல்லையா?”

சிரிப்பு வந்தாலும், அவள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. வீட்டில் நாளுக்குப் பத்துத் தடவை காதில் விழும் சொல்லைப் பள்ளியில் வேறு பொருளில் கொடுத்துவிட்டு, பிள்ளை குழம்பினால் மதிப்பெண்ணைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? மிளகாயின் எரிச்சலுக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். சூட்டை உணர்வதற்காக இருக்கும் நரம்பு முனைகளை அது தட்டி எழுப்பிவிடுகிறது. நாக்கு சுடவில்லை, சுட்டுவிட்டதாக நம்புகிறது, அவ்வளவுதான். வேதியியல் சொல்லும் காரத்தின் குணம் வேறு. விரலில் பட்டால் வழவழக்கும், ருசி கசப்பு. குளிக்கும்போது வாய்க்குள் போன சோப்பு நுரை நினைவிருந்தால் போதும், ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை.

நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் குழப்பம் இன்னும் கூடும். அங்கே வெங்காரம் என்று ஒன்று, சீனாக்காரம் என்று ஒன்று. வெங்காரக் கரைசலில் சிவப்பு லிட்மஸ் நீலமாகும், சரி. சீனாக்காரமோ, சவரம் செய்த முகத்தில் தேய்க்கிற அதே படிகாரம், பெயரில் காரத்தை வைத்துக்கொண்டே நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். உண்மையில் இரண்டுமே உப்புகள். பக்கத்து டப்பாக்களில் இருக்கும் நவச்சாரம், மயில்துத்தம், அன்னபேதி, வெடியுப்பு, இந்துப்பு எல்லாமே வேதியியல் கணக்கில் உப்புகள்தான். சமையலறை உப்பு அந்தப் பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி இந்த மதிப்பெண்ணை இழந்திருக்க மாட்டாள். இலங்கைப் பாடநூல்களில் அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பது ‘மூலம்’. நீரில் கரைகிற மூலத்துக்கு மட்டுமே அங்கே காரம் என்று பெயர். சொல்லுக்காகச் சண்டை போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தாமிர ஆக்சைடு என்று ஒரு கறுப்புத் தூள் இருக்கிறது. தண்ணீரில் கரையாது, லிட்மஸை அசைக்காது, வழவழப்பும் கிடையாது. ஆனால் அமிலத்தில் போட்டால் அமிலத்தைத் தீர்த்துக்கட்டிவிட்டு உப்பைக் கொடுக்கும். அதைக் காரம் என்று சொல்ல வாய் கூசுகிறது. மூலம் என்றால் பொருந்துகிறது.

மூலம் என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் பாரிஸைச் சேர்ந்த ஒரு வேதியியல் ஆசிரியர் இருக்கிறார். கியோம் பிரான்சுவா ருவெல் என்று பெயர்; லவாய்சியே இவருடைய வகுப்பில் உட்கார்ந்து கேட்டவர். பாடம் சூடு பிடித்தால் தலையில் இருக்கும் பொய்முடியையும் மேலங்கியையும் கழற்றிப் போட்டுவிட்டுப் பேசுவாராம். அந்தக் காலத்து அமிலங்கள் பெரும்பாலும் திரவம், பல சூடேற்றினால் ஆவியாகிப் போகிறவை. அவற்றைப் பிடித்து நிறுத்தி, கையில் எடுக்கக்கூடிய திட உருவம் கொடுக்க இன்னொரு பொருள் தேவைப்படுகிறது. அதை ருவெல் அடித்தளம் என்ற பொருளில் ‘பேஸ்’ என்றார், ஆண்டு 1754. அமிலமும் அடித்தளமும் சேர்ந்தால் உப்பு. இன்றும் பள்ளிப் பலகையில் எழுதப்படும் சமன்பாடு அதுதான்: அமிலம் + காரம் → உப்பு + நீர்.

பலகையில் பார்க்கும்போது சாதுவாகத் தெரியும் இந்த வரிக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லியும், அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லியும் ஒரு பீக்கரில் ஊற்றுங்கள். வெப்பமானி ஏறக்குறைய 7 டிகிரி ஏறும். இப்போது அமிலத்தை மாற்றி நைட்ரிக் அமிலம் எடுங்கள். அதே 7 டிகிரி. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு? அப்போதும் அதே. ஒரு மோலுக்கு ஏறத்தாழ 57 கிலோஜூல் என்று கணக்கு, அமிலமும் காரமும் வீரியமானவையாக இருக்கும்வரை ஆளை மாற்றினாலும் தொகை மாறுவதில்லை. உண்டாகும் உப்புகள் வேறு வேறாக இருக்கும்போது வெப்பம் மட்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

விடையின் திறவுகோல் ஸ்வீடன்காரர் ஸ்வாந்தே அரீனியஸிடம் இருந்தது. 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் அரைமனதோடு தேற்றி அனுப்பினார்கள்; அங்கே தொடங்கிய கொள்கைக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது இதுதான்: கரைசலுக்குள் போனதும் இவை அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றன. அமிலம் ஹைட்ரஜன் அயனியையும், காரம் ஹைட்ராக்சைடு அயனியையும் கொண்டுவருகின்றன. கலந்தவுடன் நடக்கும் ஒரே காரியம் இந்த இரண்டும் சேர்ந்து தண்ணீராவது. 57 கிலோஜூல் என்பது அந்தக் கல்யாணத்தின் சூடு. சோடியமும் குளோரைடும் பந்தலுக்கு வந்து கைகட்டி நின்றவர்கள். முன்பும் மிதந்தார்கள், பின்பும் மிதக்கிறார்கள். தண்ணீரை வற்ற வைத்தால், போக இடமில்லாமல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறார்கள். அதைத்தான் உப்பு என்று சுரண்டி எடுக்கிறோம்.

அப்படிப் பார்த்தால் பாடத்தின் தலைப்பில் இருக்கும் உப்பே ஒரு மிச்சம். நல்ல உப்பு செய்வதன் சாமர்த்தியம் முழுவதும், அந்த மிச்சத்தோடு வேறு மிச்சம் கலக்காமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. பாடநூல் இதைச் சொல்வதில்லை. உப்பு தயாரிக்கும் முறைகள் மூன்று என்று எண் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறது.

மயில்துத்தம் செய்து பார்த்தால் விஷயம் விளங்கும். பதினொன்றாம் வகுப்பில் நான்கு பேர் ஒரு குழு. 25 மில்லி நீர்த்த கந்தக அமிலம், ஒரு மோலார். பீக்கரை மெல்லச் சூடேற்றி, கறுப்புத் தாமிர ஆக்சைடைக் கரண்டி நுனியில் எடுத்து எடுத்துப் போட வேண்டும். முதல் சிட்டிகை விழுந்து, கண்ணாடிக் கோலால் ஒரு சுற்றுச் சுற்றியதும் கறுப்பு காணாமல் போய்த் தெளிந்த வெளிர் நீலம் பரவுகிறது. அடுத்த சிட்டிகை, இன்னும் கொஞ்சம் அடர்ந்த நீலம். கணக்குப்படி 2 கிராம் ஆக்சைடு அந்த அமிலத்துக்குச் சரியாகப் போதும். ஆனால் ஆசிரியர், “கரையாம அடியில தங்குற வரைக்கும் போடு” என்றார்.

எனக்கு அது ஊதாரித்தனமாகத் தெரிந்தது. சரியாக எடை போட்டு 2 கிராம் போட்டால் தீர்ந்ததே? தீராது. நம் தராசு, நாம் கலக்கிய அமிலத்தின் செறிவு எதுவும் அவ்வளவு துல்லியம் இல்லை. ஏதாவது ஒன்று மிஞ்சியே தீரும். எது மிஞ்ச வேண்டும் என்று தீர்மானிப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. அமிலம் மிஞ்சினால் அது நீலக் கரைசலோடு கரைசலாகக் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து நிற்கும். தண்ணீர் வற்ற வற்ற அடர்ந்து, கடைசியில் படிகங்களைப் பிசுபிசுக்க வைக்கும், தாளை அரிக்கும். தாமிர ஆக்சைடு மிஞ்சினால்? கறுப்பு வண்டலாக அடியில் உட்கார்ந்திருக்கும். ஒரு வடிதாள், ஒரு புனல், வேலை முடிந்தது. எளிதில் வெளியே தள்ளக்கூடியதை மிச்சமாக வை: இந்த முறையின் மூளை அவ்வளவுதான். (தாமிரக் கம்பியையே நேராக அமிலத்தில் போடலாமே என்று பக்கத்துக் குழுவில் ஒருவன் கேட்டான். நீர்த்த கந்தக அமிலத்தில் தாமிரம் கல்லுப்பிள்ளையார்போல அசையாமல் கிடக்கும். அதனால்தான் ஆக்சைடு.)

வடித்த நீலத்தைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிச் சூடேற்ற வேண்டும். முழுவதும் வற்றவிடக் கூடாது. கண்ணாடிக் கோலை நனைத்து வெளியே எடுத்தால் அதன்மேல் ஒட்டிய துளி ஆறியதும் பொருக்குக் கட்ட வேண்டும். அந்தப் பக்குவத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். பாகு பதம் பார்த்து அதிரசத்துக்கு இறக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எங்களுக்கோ அவசரம். மணி அடிப்பதற்குள் படிகத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அடுப்பைக் கூட்டி வைத்தோம். கிண்ணம் பொரிந்தது, நீலத் துளிகள் மேசையெல்லாம் தெறித்தன, கடைசியில் கிண்ணத்தின் அடியில் சாம்பல் பூத்த வெள்ளைப் பொடி.

“என்னடா, வடகம் பொரிச்சியா?” என்று ஆசிரியர் எட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றோம். அவர் கிண்ணம் ஆறும்வரை காத்திருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரை அந்தப் பொடியின்மேல் விட்டார். சொட்டு விழுந்த இடத்தில் பளிச்சென்று நீலம் பூத்தது. “தொட்டுப் பாரு” என்று கிண்ணத்தின் அடியைக் காட்டினார். இளஞ்சூடாக இருந்தது.

மயில்துத்தப் படிகத்தின் எடையில் 36 சதவீதம் தண்ணீர். ஒவ்வொரு தாமிர சல்பேட் அலகோடும் 5 நீர் மூலக்கூறுகள் சேர்ந்துதான் அந்தப் படிகக் கட்டடம் எழுகிறது. கையில் எடுத்தால் காய்ந்த கல், உள்ளே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர். அந்த நீர் போனால் நீலமும் போய்விடும், கட்டடமும் பொடிந்துவிடும். நாங்கள் அடுப்பைக் கூட்டி விரட்டியது அதைத்தான். மறுநாள் ஆசிரியர் சொன்னபடி பதத்தில் இறக்கி, கிண்ணத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனோம். அடுத்த நாள் திறந்தபோது, சரிந்த நாற்கரங்களாக, விளிம்பு கூர்மையாக, மயில் கழுத்து நிறத்தில் கிடந்தன. கணக்குப்படி 6 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்க வேண்டும், பாதிகூட வரவில்லை. மீதி, மேலே நின்ற திரவத்தில் கரைந்தே இருந்தது. அதற்குத் தாய்க்கரைசல் என்று பெயர். அதிலும் பேராசைப்பட்டு வற்ற வைத்தால் அழுக்கெல்லாம் சேர்ந்து இறங்கும் என்பதால், அதைக் கொட்டிவிடச் சொன்னார்.

கறுப்பு மிச்சத்தை வடித்துவிடும் இந்தத் தந்திரம் எல்லா உப்புக்கும் செல்லுபடியாகாது. சலவைக்கல் துண்டில் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினால் முதலில் நுரை பொங்கும். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அமிலமும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது, வினையைக் காணோம். உண்டான கால்சியம் சல்பேட் நீரில் லேசாகத்தான் கரையும். அது கல்லின்மேல் ஓடுபோலப் படிந்து, அமிலம் உள்ளே போகும் வழியை அடைத்துவிட்டது. கரையாத உப்பு தன்னைப் பெற்ற கல்லையே மூடிவிடுகிறது. கார்பன் டைஆக்சைடு தயாரிக்க ஏன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே எடுக்கிறோம் என்ற பழைய தேர்வுக் கேள்விக்கு விடை இதுதான். கரையாத உப்பு வேண்டுமென்றால் கரைந்த இரண்டு உப்புகளைச் சேர்த்து வீழ்படிவாக இறக்க வேண்டும். இங்கே மிச்சமெல்லாம் கரைசலில் நிற்கும், நமக்கு வேண்டியது வடிதாளில் தங்கும். பேரியம் சல்பேட் அப்படிச் செய்வது. பேரியம் அயனி விஷம். ஆனால் இந்த உப்பு லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் கரையும் என்பதால், எக்ஸ்ரேக்கு முன் நோயாளி அதைக் கூழாகக் கலக்கிக் குடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்.

சங்கடமானது சாப்பாட்டு உப்பு. சோடியம் ஹைட்ராக்சைடும் கரையும், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கரையும், உப்பும் கரையும். மூன்றுக்கும் நிறமில்லை. எது மிஞ்சினாலும் வடிதாள் வழியே ஓடிவிடும். ஆகவே இங்கே எதுவுமே மிஞ்சக் கூடாது. பியூரெட்டும் கூம்புக் குடுவையும் வந்தது அதற்காக. குடுவையில் 25 மில்லி காரம், அதில் இரண்டு சொட்டு பினாப்தலீன், ரோஜா நிறம். மேலே பியூரெட்டில் அமிலம். இடது கை குழாயில், வலது கை குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். 20 மில்லி போயும் நிறம் மாறாது. 24 போயும் மாறாது. அமிலம் விழும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி மறையும். பிறகு ஒரு சொட்டு விழுகிறது, ஒரு சுழற்று, நிறம் மொத்தமாகக் காணாமல் போகிறது.

இது கண்ணின் மயக்கம் இல்லை. 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் மதுவடிசாலையின் ஆய்வகத்தில் சோரன்சன் வகுத்த பி.எச். அளவில் இதைப் பார்க்கலாம். டெசிமோலார் கரைசல்களாக இருந்தால், சரிநிலைக்கு ஒரு சொட்டு முன்பு பி.எச். 10. ஒரு சொட்டு பின்பு 4. அந்த அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், 6 படி என்றால் பத்து லட்சம் மடங்கு. இரண்டே சொட்டில் ஹைட்ரஜன் அயனியின் செறிவு பத்து லட்சம் மடங்கு தாவிவிடுகிறது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் பியூரெட்டை முறைத்துக்கொண்டு வியர்த்து நின்ற எவரிடமும் இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால், அந்த ஒரு சொட்டுக்கு இன்னும் மரியாதை கொடுத்திருப்பார்கள். உப்பு வேண்டுமானால், குறித்துவைத்த அளவில் பினாப்தலீன் இல்லாமல் இன்னொரு முறை கலந்து வற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறங்காட்டியே மிச்சமாகிவிடும்.

வற்றவைக்க வேண்டும் என்றேன். மயில்துத்தம்போல ஆறவைத்துப் படிகமாக்க முடியாதா? முடியாது. 100 கிராம் தண்ணீரில் சாப்பாட்டு உப்பு 20 டிகிரியில் 36 கிராம் கரையும், கொதிநிலையில் 39. கொதிக்கக் கொதிக்கக் கரைத்து ஆறவிட்டாலும் கையில் வருவது 3 கிராம். தூத்துக்குடி உப்பளங்கள் வெயிலை நம்பியிருப்பதற்கு இந்த 36-க்கும் 39-க்கும் இடையிலான சின்ன இடைவெளி ஒரு காரணம். நீரை விரட்டியே ஆக வேண்டும்.

அங்கும் மிச்சத்தின் கதைதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு, எல்லாம் சோடியம் குளோரைடு இல்லை. பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு வகை இறங்குகிறது, பிறகு ஜிப்சம். நீர் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் சுமார் 25 டிகிரியில், நமக்கு வேண்டிய உப்பு விழத் தொடங்கும். 29 டிகிரியை ஒட்டி நிறுத்தி, எஞ்சிய நீரைத் திறந்துவிட வேண்டும். அதில் மெக்னீசியம் உப்புகள் இருக்கின்றன. வாயில் வைத்தால் கசக்கும். பேராசைப்பட்டு அதையும் வற்றவிட்டால் உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிந்தால், மெக்னீசியம் முழுதாக வெளியேறவில்லை என்று கொள்ளலாம். எங்கள் பீங்கான் கிண்ணத்தில் ஆசிரியர் கொட்டச் சொன்ன தாய்க்கரைசலை இங்கே ஏக்கர் கணக்கில் திறந்துவிடுகிறார்கள்.

அதே மயில்துத்தத்தைப் பல வருடங்கள் கழித்து ஒரு காபித் தோட்டத்தில் பார்த்தேன், பழனி மலையின் தாண்டிக்குடிப் பக்கம். இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை கலக்கிக்கொண்டிருந்தார்கள். பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்துவைப்பார்கள். பார்த்தால் விஷம் பூசியதுபோல இருக்கும். அடித்த கொடிகளில் மட்டும் பூஞ்சை நோய் இல்லை என்பதைக் கவனித்த மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் 1885-இல் அதை மருந்தாக வெளியிட்டார். தாண்டிக்குடியில் அரை கிலோ துத்தம், அரை கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். மயில்துத்தம் உப்புதான் என்றாலும் கரைசலில் கொஞ்சம் அமில முகம் காட்டும், சுண்ணாம்பு காரம். இங்கே மிஞ்சக் கூடாதது கட்டுப்படாத தாமிரம், அது இலையைப் பொசுக்கிவிடும்.

லிட்மஸ் தாள் எதுவும் அவரிடம் இல்லை. இடுப்பிலிருந்த கத்தியை உருவி, துணியில் துடைத்து, நீலப் பாலுக்குள் முக்கிப் பிடித்தார். சிறிது நேரம் கழித்து வெளியே எடுத்து வெயிலில் திருப்பினார். அலகின் ஓரத்தில் செம்பு நிறத்தில் மெல்லிய பூச்சு.

“கத்தி செவந்தா இலை கருகும், தம்பி” என்றவர், வாளியிலிருந்து இன்னொரு கை சுண்ணாம்புப் பாலை அள்ளி விட்டுக் கிளறினார். கத்தியைக் கல்லில் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி முக்கினார். இந்த முறை வெறும் இரும்பாகவே வெளியே வந்தது. தெளிப்பானைத் தோளில் மாட்டியிருந்த பையனைப் பார்த்து, “ஊத்துடா” என்றார்.